கிளை பிரியும் கணக்கு

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிப் போடிமெட்டைக் கடந்தாலும், கம்பத்திலிருந்து ஏறிக் கம்பமெட்டைக் கடந்தாலும், நாம் சென்று சேர்வது உடும்பஞ்சோலை வட்டத்து ஏலக்காடுகளையே. காடு என்ற சொல் இங்கே உபசாரமாக வழங்குவதன்று. தேயிலை வைப்போர் மலையை வெட்ட வெளியாக்கிவிட்டு நடுவர். ஏலம் வைப்போர் அவ்வாறு செய்ய இயலாது. பெருமரங்களை மேலே நிற்கவிட்டு, அவற்றின் நிழலிலேயே ஏலத்தை வளர்க்க வேண்டும். 1897-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு இம்மலைகளை ஒதுக்குக் காடாக அறிவித்தது. அன்றும் இன்றும் இங்கே பயிர் கீழ்த்தளத்தில் நிற்க, மரம் மேல்தளத்தில் நிற்கிறது. வெடிப்பலா, ஆயினி, பலா, சந்தன வேம்பு முதலியன அம்மேல்தளத்தார்.

தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியுமுன்னர் ஜீப்புகளில் ஏறி வரும் தமிழ்த் தொழிலாளரும், இம்மலையிலேயே பல தலைமுறையாகக் குடியமர்ந்துவிட்ட தமிழரும் பகல் முழுவதும் குனிந்த தலை நிமிராமல் ஏலத் தூறுகளின் அடியில் சரங்களைத் தேடிப் பழம் பறிப்பவர்கள். ஆயினும் அவர்களுடைய கூலி தலைக்கு மேலே நிற்கும் கிளைகளைப் பொறுத்தது. நிழல் மிகுந்தால் ஏலம் இலையாகவே தழைத்துக் காய்ப்பில் குன்றும். நிழல் குறைந்தால் இலை வெந்து கருகும். வெயிலில் ஏறக்குறையப் பாதியளவு வடிகட்டி வருவதே அதற்கு உகந்தது. இது கூலியைப் பற்றிய செய்தி. உயிரைப் பற்றியதும் ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதும் மாதங்களில் மரமோ கொப்போ முறிந்து விழுந்து, வேலை செய்துகொண்டிருந்தவர் மாண்டார் என்னும் செய்தியை இம்மாவட்டத்தார் பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே, ஒரு மரம் எவ்வாறு கிளைவிடுகிறது, அக்கிளை எந்த அளவில் பிரிகிறது என்பதை அறிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. அண்ணாந்து பார்க்கும்போது தாறுமாறாகத் தோன்றும் அந்தக் கொப்புகளுக்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. டில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ வாழும் நேயர்கள் தம் தெருவோரத்து வேம்பிலும் அரசிலும் அதனைச் சரிபார்த்துக் கொள்ளலாம். ஒரு நூற்கயிறும் அளவுநாடாவும் இருந்தால் போதும்.

இக்கணக்கை முதலில் எழுதிவைத்தவர் இத்தாலி நாட்டு ஓவியர் லியோனார்டோ டா வின்சி (1452-1519). மரத்தை வரையப் புகுந்த அவர், அடிமரம் எவ்வளவு பருமனோ, எந்த உயரத்திலும் அங்குள்ள கிளைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டினால் அவ்வளவு பருமனே இருக்கும் என்று தம் குறிப்பேட்டில் குறித்தார். பருமன் என்று அவர் கருதியது குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டத்தின் பரப்பை. ஒரு தண்டு இரண்டாகப் பிரிந்தால், அவ்விரண்டின் குறுக்குப் பரப்புகளையும் கூட்டினால் தாய்த்தண்டின் குறுக்குப் பரப்பு வந்துவிடும்.

வட்டத்தின் பரப்பு அதன் சுற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதாகையால் மரத்தை வெட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. கயிற்றால் சுற்றி அளந்தாலே போதும். கவையின் அடியில், புடைப்புக்குக் கீழே, சுற்றளவு 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே பிரியும் கிளைகளில் ஒன்று 60 சென்டிமீட்டர் இருந்தால் மற்றது எவ்வளவு இருக்கும்? அறுபதின் வர்க்கம் 3,600. நூற்றின் வர்க்கம் 10,000. எஞ்சியது 6,400, அதன் வர்க்கமூலம் 80. மூன்று, நான்கு, ஐந்து என்று பள்ளிக்கூடத்தில் செங்கோண முக்கோணத்துக்குக் கற்றுக்கொண்ட அதே எண்கள் ஆயினி மரத்தின் கவையில் வந்து நிற்கின்றன! இரு கிளைகளும் சமமாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் ஐம்பதன்று, ஏறக்குறைய 71 சென்டிமீட்டர். இதனையே கடைசிவரை கொண்டுசென்றால், ஒரு மீட்டர் சுற்றளவுள்ள அடிமரம் ஒரு சென்டிமீட்டர் சுற்றளவுள்ள சுள்ளிகளாகப் பிரியும்போது அவை பதினாயிரம் இருக்க வேண்டும்.

இயற்கை கணக்கு வாத்தியார் அன்று. பல இன மரங்களை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள், வர்க்கம் என்னும் இரண்டாம் அடுக்குக்குப் பதிலாக 1.8 முதல் 2.3 வரையுள்ள அடுக்குகள் வருகின்றன என்று கண்டனர். பட்ட கொப்பு, பழைய முறிவு, பக்கத்து மரத்தின் நெருக்கம் ஆகியவை ஒவ்வொரு மரத்திலும் கணக்கைச் சற்றே திருத்தி எழுதுகின்றன. இருந்தும் நடுவில் நிற்பது இரண்டு என்னும் எண்ணே.

ஏன் அவ்வாறு? நெடுங்காலம் சொல்லப்பட்ட காரணம் தண்ணீர். 1964-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் நால்வர் (ஷினோஸாகி, யோடா, ஹோஸூமி, கிரா) மரத்தைக் குழாய்க் கட்டாக உருவகித்தனர். ஒவ்வோர் இலைத்தொகுதிக்கும் வேரிலிருந்து தனித்தனியே குழாய் ஒன்று ஓடுகிறது. கிளை என்பது சில குழாய்களின் கட்டு. அடிமரம் எல்லாக் குழாய்களின் கட்டு. கட்டைப் பிரித்தால் குழாய்களின் எண்ணிக்கை மாறாதாகையால் பரப்பும் மாறாது. மிக எளிய விளக்கம். அவ்வளவு எளிமையே அதன் குறையும் ஆகும். முதிர்ந்த மரத்தில் நீர் ஏறுவது வெளிப்புறத்து வெண்மரத்தில் மட்டுமே. உள்ளே கிடக்கும் வைரம் குழாய் வேலையை எப்போதோ நிறுத்திவிட்டது. பருமனில் ஒரு பகுதியே நீருக்கு உரியதாயிருக்க, முழுப் பருமனும் நீரின் கணக்குக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்?

2011-ஆம் ஆண்டில் கிறிஸ்டோஃப் எலுவா என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி வேறொரு விடை தந்தார். அவர் காற்றை எண்ணினார். மேன்மேலும் பிரிந்துகொண்டே போகும் ஒரு மரத்தின் நுனிகளில் காற்று மோதுகிறது. அம்மரம் எந்த இடத்திலும் மற்ற இடத்தைவிட எளிதில் முறியாதபடி, எல்லாக் கவைகளும் ஒத்த வலிமை உடையனவாக இருக்க வேண்டுமானால் கிளைகளின் பருமன் எவ்வாறு அமைய வேண்டும் என்று கணக்கிட்டார். வந்தது லியோனார்டோவின் விதிக்கு மிக நெருங்கிய விதியே. நம் கருத்தில் இவ்விளக்கமே மலைநாட்டுக்குப் பொருந்துவது. மரம் தான் வளரும் இடத்துக் காற்றைத் தாங்கும் அளவுக்கே தண்டைத் தடிப்பாக்குகிறது. காற்றில் அசைக்கப்படும் செடி குட்டையாகவும் தடிப்பாகவும் வளர்வதை மார்டெகாய் ஜாஃப் என்னும் அமெரிக்கர் 1973-ல் சோதனையால் காட்டினார். எனவே, சூழ நின்ற மரங்களின் மறைவில் ஒல்லியாக ஓங்கிய ஒரு மரத்தை, சுற்றியிருந்தவற்றை அகற்றித் தனியே நிற்கவிட்டால், அது கணக்கில் எடுத்துக்கொள்ளாத காற்று அதன்மேல் மோதும். புதிதாகத் திறந்துவிடப்பட்ட காட்டோரத்தில் மரங்கள் சாய்வதற்கு இஃது ஒரு காரணம்.

தண்ணீர்க் கணக்கையும் அடியோடு தள்ளிவிட வேண்டாம். அமெரிக்க உடலியலறிஞர் ஸெஸில் மரே 1926-ல் இரத்தக் குழாய்களை ஆராய்ந்து, குறைந்த செலவில் இரத்தத்தை ஓட்ட வேண்டுமானால் குழாய் பிரியுமிடத்தில் ஆரங்களின் வர்க்கங்கள் அல்ல, ஆரங்களின் கனங்களே சமனாக வேண்டும் என்று நிறுவினார். அவ்விதி இலைகளின் நரம்புகளிலும் செல்லுகிறது என்பது 2003-ல் அளந்து காட்டப்பட்டது. உடலைத் தாங்கும் சுமை நீர்க்குழாய்களின்மேல் விழாத இடத்தில்தான் அது செல்லும் என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவு. சுமை தாங்குகிறவனுக்கு ஒரு கணக்கு. தாங்காதவனுக்கு வேறு கணக்கு.

இதுவரை பருமனைப் பார்த்தோம். கிளை பிறக்குமிடம் எது? இலையின் கக்கம். ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டைச் சேரும் மூலையில் ஒரு மொட்டு உறங்குகிறது. அது விழித்தால் கிளை. ஆகையால் இலைகள் எந்த ஒழுங்கில் பிறக்கின்றனவோ அந்த ஒழுங்கிலேயே கிளைகளும் பிறந்தாக வேண்டும். ஏலத் தட்டையைப் பார்த்தால் இலைகள் இடமும் வலமுமாக இரண்டே வரிசையில் நிற்கும். ஓர் இலைக்கும் அடுத்ததற்கும் அரைவட்டம். (தட்டை உண்மையான தண்டன்று, இலையடிகள் சுருண்டு அமைந்த போலித் தண்டு. ஏலத்தின் உண்மைக் கிளைப்பு மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலேயே நடைபெறுகிறது.) காப்பிச் செடியின் நடுத்தண்டில் இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக வரும், ஒரு சோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த சோடி வடக்குத் தெற்காக இருக்கும். கிளைகளும் அவ்வாறே சோடி சோடியாகக் குறுக்கு மறுக்காக நிற்பதைக் காப்பித் தோட்டத்தில் யாரும் காணலாம்.

இலைகள் ஒவ்வொன்றாகச் சுருளில் பிறக்கும் செடிகளில் பெரும்பாலானவை வேறொரு கோணத்தைத் தேர்கின்றன. முந்திய இலையிலிருந்து அடுத்த இலை சற்றேறக்குறைய 137½ பாகை தள்ளிப் பிறக்கிறது. இக்கோணத்தின் பயனாகத் தோன்றும் சுருள்களை எண்ணினால் 1, 2, 3, 5, 8, 13, 21 என்னும் எண்களே வரும். முந்திய இரண்டைக் கூட்டினால் அடுத்தது. ஐரோப்பியர் இவ்வரிசைக்கு 1202-ல் நூல் எழுதிய பீசா நகரத்து ஃபிபொனாச்சியின் பெயரை இட்டனர். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1150-ஐ ஒட்டி, ஹேமசந்திரர் யாப்பிலக்கணம் எழுதுகையில் இதனைக் கூறினார். அவருக்கும் பல நூற்றாண்டு முற்பட்டவர் விரஹாங்கர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று கொண்டால், மூன்று மாத்திரையை நிரப்ப மூன்று வழி, நான்கு மாத்திரைக்கு ஐந்து வழி, ஐந்து மாத்திரைக்கு எட்டு வழி. நேயர்கள் விரலை மடக்கி எண்ணிப் பார்க்கலாம். கவிதையின் ஓசைக்குக் கண்ட எண்கள் இலையின் அடுக்குக்கும் வந்தது வியப்புக்குரியது.

வியப்போடு நின்றுவிடாமல் காரணத்தையும் கேட்க வேண்டும். நுனிமொட்டில் புதிய இலைக்குருத்து தோன்றும்போது, முன்பிறந்த குருத்துகளுக்கு இடையே மிகுந்த இடைவெளி எங்கேயோ அங்கேயே தோன்றுகிறது என்று 1868-ல் ஹோஃப்மைஸ்டர் என்னும் ஜெர்மானியர் கண்டார். செடிக்கு எண் தெரிய வேண்டுவதில்லை. இடங்கொடுத்து இடம்பிடித்தால் போதும். 1992-ல் பிரான்சில் டூவாடி, கூடே என்னும் இருவர் உயிரற்ற பொருளைக் கொண்டே இதனைச் செய்து காட்டினர். காந்தத் துளிகளை ஒரு தட்டின் நடுவில் ஒவ்வொன்றாக விட, அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளித் தாமாகவே அதே கோணத்தில் அமைந்தன.

நம் நாட்டிலும் இத்துறையில் நல்ல வேலை நடந்துள்ளது. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஜே. பி. எஸ். ஹால்டேனின் ஊக்கத்தைப் பெற்ற டி. ஏ. டேவிஸ், கிளையே இல்லாத தென்னையை எடுத்துக்கொண்டார். தென்னையின் மட்டைகள் ஐந்து சுருள்களாக ஏறுகின்றன, எண்ணெய்ப்பனையில் எட்டு. சில தென்னைகளில் சுருள் இடமாகச் சுற்றும், சிலவற்றில் வலமாகச் சுற்றும். இடஞ்சுழித் தாயின் காயை நட்டால் இடஞ்சுழிப் பிள்ளைதான் வருமா? ஏறக்குறையப் பாதிக்குப் பாதியே வருகிறது, இத்தன்மை பரம்பரையில் இறங்குவதில்லை என்று 1962-ல் அவர் நிறுவினார். இடஞ்சுழி மரங்கள் காய்ப்பில் சற்று முந்துகின்றன என்று மறு ஆண்டு எழுதினார். பின்னர் உலகின் பல நாடுகளிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மரங்களின் கணக்கைத் திரட்டி, பூமத்தியரேகைக்கு வடக்கே இடஞ்சுழியும் தெற்கே வலஞ்சுழியும் சிறிதளவு மிகுந்திருப்பதைக் காட்டினார். தென்னந்தோப்பிலே பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனைபேர் மட்டை எப்பக்கம் சுழல்கிறது என்று ஒருமுறையேனும் நோக்கியிருப்போம்!

எல்லா மொட்டும் விழிப்பதில்லை. நுனிமொட்டில் ஊறும் ஆக்ஸின் என்னும் பொருள் கீழிறங்கி, பக்க மொட்டுகளை உறக்கத்திலேயே வைத்திருக்கிறது. ஹாலந்து நாட்டு உட்ரெக்ட் நகரில் ஃப்ரிட்ஸ் வென்ட் 1926-ல் தொடங்கிய சோதனைகள் இப்பொருளை வெளிப்படுத்தின. நுனியைக் கிள்ளிவிட்டால் காவலன் போய்விட்டான். பக்கத்து மொட்டுகள் பலவும் ஒருங்கே எழும். மூணாற்றுச் சரிவுகளில் மேசைபோல் பரந்து நிற்கும் தேயிலைச் செடி, கவாத்து வெட்டாமல் விட்டால் மரமாக ஓங்கும் இனமே. கொழுந்து கிள்ளும் பெண்களின் விரல்கள் இந்த விதியைக் கொண்டே ஒரு மரத்தைப் புதராக நிறுத்தியிருக்கின்றன.

கிளைக்கு நினைவும் உண்டு என்றால் மிகையாகத் தோன்றும். காப்பியின் மேல்நோக்கி நிமிர்ந்த தண்டிலிருந்து துண்டு வெட்டி வேர்விடச் செய்தால் அது நிமிர்ந்த செடியாகும். பக்கவாட்டில் படுத்த கிளையிலிருந்து வெட்டி நட்டால், தனிச்செடியான பின்னும் அது பக்கவாட்டிலேயே படர்ந்து வளரும், நிமிர்வதில்லை. மிளகிலும் அப்படியே. மரத்தைப் பற்றி ஏறும் கொடித்தண்டு ஒருவகை. அதிலிருந்து வெளிநோக்கி நீண்டு திரி விடும் பக்கக்கிளை வேறுவகை. பக்கக்கிளையை வெட்டித் தொட்டியில் நட்டால் ஏறாத மிளகுச் செடி கிடைக்கும். அதனையே புதர்மிளகு என்று விற்கின்றனர். நகரத்து மாடிவீட்டில் குடியிருக்கும் நேயர் ஒருவர் தாங்குமரமின்றித் தொட்டியில் மிளகு பறிக்க முடிவது கிளையின் இந்த மறவாமையாலேயே.

இவ்வாறு எந்தத் தண்டு நிமிரும், எது படுக்கும், எது பூத்து முடியும் என்பவற்றைச் சேர்த்து நோக்கிய ஹாலே, ஓல்டெமன் என்னும் இருவர் 1970-ல் வெப்பமண்டல மரங்களை அமைப்பு வகைகளாகப் பிரித்தனர். 1978-ல் டாம்லின்சனும் சேர்ந்து எழுதிய விரிந்த நூலில் இருபத்துமூன்று வகைகள் கூறப்பட்டன. ஆயிரக்கணக்கான மரவினங்களுக்கு இருபத்துமூன்றே வரைபடங்கள்!

அதே காலத்தில் கணிப்பொறியும் இத்துறைக்குள் நுழைந்தது. 1968-ல் அரிஸ்டிட் லிண்டன்மாயர் என்னும் ஹங்கேரியர் (பிற்காலத்தில் இவரும் உட்ரெக்டிலேயே பணியாற்றினார்) செடியின் வளர்ச்சியை இலக்கண விதிபோல் எழுதினார். 'இளங்கிளை ஓராண்டில் முதிர்கிளை ஆகும். முதிர்கிளை ஆண்டுதோறும் ஓர் இளங்கிளை ஈனும்' என்று இரண்டே விதி கொடுத்தால், ஆண்டுக்கு ஆண்டு கிளைகளின் தொகை 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறும். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லத் தோன்றுகிறது. இக்கணக்கைப் படித்துவிட்டு, எல்லா மரங்களின் கிளைத்தொகையும் ஃபிபொனாச்சி எண்களே என்று எழுதுவோர் உளர். அது சரியன்று. அவ்விதிக்குக் கீழ்ப்படியும் மரத்துக்கு அவ்வெண் வரும். காப்பியைப் போலச் சோடியாகக் கிளைவிடும் செடிக்கு வேறு எண் வரும். காற்றும் நிழலும் ஆட்டுவாயும் பட்ட மரத்துக்கு எந்த எண்ணும் வரலாம்.

நாட்டு வாதுமையைப் பற்றியும் கூற வேண்டும். சென்னையிலும் பம்பாயிலும் தெருவோரங்களில் குடைமேல் குடை விரித்தாற்போல் தட்டுத் தட்டாக நிற்கும் மரம் அது. ஒவ்வொரு கிளையும் சிறிது நீண்டு, மேலே திரும்பி இலைக்கொத்தில் முடியும். அதன் அடியிலிருந்து இரண்டு புதிய கிளைகள் இருபுறமும் பிரியும். பிரியும் கோணங்கள் இரண்டும் சமமல்ல. ஜப்பானியரான ஹிஸாவோ ஹோண்டாவும் அமெரிக்கரான ஜாக் ஃபிஷரும் கணிப்பொறியில் இம்மரத்தை வளர்த்து, கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தனர். எந்தக் கோணத்தில் இலைக்கொத்துகள் ஒன்றையொன்று மறைக்காமல் மிகுந்த வெயிலைப் பிடிக்குமோ, அதற்கு மிக நெருங்கிய கோணமே உண்மை மரத்தில் அளக்கப்பட்டது. 1978-ல் அவர்கள் இம்முடிவை வெளியிட்டனர்.

ஆறுகளும் கிளைவிடுகின்றன. 1945-ல் ஹார்ட்டனும் 1952-ல் ஸ்ட்ராலரும் ஓடைகளை எண்ண ஒரு முறை வகுத்தனர். ஊற்றுக்கண் ஓடை முதல் வரிசை. இரண்டு முதல் வரிசைகள் கூடினால் இரண்டாம் வரிசை. இரண்டு இரண்டாம் வரிசைகள் கூடினால் மூன்றாம் வரிசை. உடும்பஞ்சோலை மலைகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு பெரியாற்றை நோக்கிச் செல்லும் பன்னியாற்றையும் இப்படி எண்ணலாம். அதன் கரையில் நிற்கும் பலாவையும் சுள்ளியிலிருந்து தொடங்கி எண்ணலாம். ஆறுகளில் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் பொதுவாக மூன்று முதல் ஐந்து மடங்கு வேறுபாடு. மரத்துக்கும் ஆற்றுக்கும் உள்ள இவ்வொற்றுமையை லூனா லியோபோல்ட் 1971-ல் ஆராய்ந்து எழுதினார்.

இனி ஏலக்காட்டுக்கே திரும்புவோம். மழை தொடங்குமுன், மே, ஜூன் மாதங்களில், நிழல்மரங்களின் கிளை கழிக்கும் வேலை நடக்கும். ஒதுக்குக் காட்டில் மரத்தை அடியோடு வெட்டச் சட்டம் எளிதில் இடங்கொடாது. கிளையைக் கழித்தே வெளிச்சத்தை அளந்து விட வேண்டும். அரிவாளோடு மேலேறுகிறவர் கண்ணளவாலேயே இதைச் செய்கிறார். அவருடைய கண்ணளவுக்கு லியோனார்டோவின் விதி ஒரு துணைக்கணக்குத் தருகிறது. முன்சொன்ன மரத்தில் 60 சென்டிமீட்டர் கிளையை எடுத்தால் போவது நூற்றுக்கு அறுபது அன்று. வர்க்கக் கணக்கின்படி ஏறக்குறைய 36 பங்கு இலையே போகும். எண்பது சென்டிமீட்டர் கிளையை எடுத்தால் 64 பங்கு போய்விடும். சுற்றளவில் மூன்றுக்கு நான்காகத் தோன்றும் கிளைகள் நிழலில் ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டாக நிற்கின்றன. நூறு சென்டிமீட்டர் மரம் 50, 50, 70 என்று மூன்றாகப் பிரிந்திருந்தால், ஓர் ஐம்பதை எடுப்பதால் கால்வாசி நிழல் விலகும். உட்புறத்து நிழலில் கிடந்து இலை குறைந்த கொப்புக்கு மட்டும் இக்கணக்குப் பொருந்தாது.

எடையின் கணக்கு இன்னும் கடுமையானது. மேலே கூறிய மரே 1927-ல் மரக்கிளைகளை நிறுத்துப் பார்த்து, எடை சுற்றளவின் இரண்டரை அடுக்கை ஒட்டி ஏறுகிறது என்று கண்டார். அதாவது, ஒரு கிளையைவிட மற்றது சுற்றளவில் இருமடங்கு என்றால் எடையில் ஏறக்குறைய ஐந்தரை மடங்கு. கீழே நிற்பவர்களை எவ்வளவு தொலைவு விலகச் சொல்ல வேண்டும், கயிறு கட்டி இறக்க வேண்டுமா, துண்டு துண்டாக வெட்ட வேண்டுமா என்பவற்றை முடிவு செய்யும்போது நினைவில் இருக்க வேண்டிய எண் இதுவே. 'போன மரத்தில் இறக்கியதைவிடக் கொஞ்சம்தான் பெரியது' என்று சொல்லி வெட்டும் கொப்பு உண்மையில் கொஞ்சம் பெரியதாக இராது.

எங்கே வெட்டுவது என்பதும் ஒரு கேள்வி. கிளை பிறக்குமிடத்தில் அதன் அடியைச் சுற்றி வளையம்போல் தடித்த ஒரு கழுத்து இருக்கும். அமெரிக்கக் காட்டிலாகாவில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து, அக்கழுத்தில் மரத்தின் காப்புத் திசு இருப்பதைக் காட்டினார். கழுத்தையும் சேர்த்து அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால் பூஞ்சணம் அடிமரத்துக்குள் நுழைந்துவிடும். முழங்கை நீளம் கட்டையை விட்டு வெட்டினால் அக்கட்டை உளுத்து உள்ளே அழுகலைக் கொண்டுசெல்லும். கழுத்துக்குச் சற்று வெளியே வெட்டினால் புண் வளையமாக மூடிக்கொள்ளும்.

உச்சியை மொட்டையாக வெட்டிவிடுவதே எல்லாவற்றிலும் கேடானது. நுனிமொட்டின் காவல் நீங்கியவுடன், வெட்டுவாயைச் சுற்றிலும் பல கொழுந்துகள் விளக்குமாறு போல் எழும். தழைப்பைக் கண்டு மரம் பிழைத்துக்கொண்டது என்று நினைப்போம். முறையாகக் கக்க மொட்டிலிருந்து பிறந்து அடிமரத்தோடு ஆண்டுக்கு ஆண்டு வளையம் பின்னி வளர்ந்த கிளைக்கு உட்பிடிப்பு உண்டு. வெட்டுவாயில் எழுந்த இக்கொழுந்துகளோ வெளிமரத்தில் மட்டுமே ஒட்டியிருக்கும். அவற்றின் அடியிலுள்ள மரமும் அழுகத் தொடங்கியிருக்கும். நான்கைந்து ஆண்டில் அவை கையளவு தடித்துவிடும், எடை வர்க்கத்துக்கும் மேலான வேகத்தில் ஏறிவிடும், பிடிப்பு மட்டும் ஏறாது. ஆடிக்காற்றில் முதலில் ஒடிந்து விழுவன அவையே. மொட்டையடித்த நிழல்மரத்தின் கீழ்ச் சரம் பறிக்கச் செல்பவர்கள் அன்றாடம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பிறகு குனிவது நல்லது. காற்றடிக்கும் நாளில் அம்மரத்தடிக்கு ஆளை அனுப்பாமலிருப்பது கங்காணியின் பொறுப்பு.